பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? பூக்கட்டும் நூலை வைத்து நீங்களே அளக்கலாம்

சேலம் ஐந்து ரோட்டில் வண்டி போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. என் சவாரியில் பாதிக்கு மேல் ஏர்போர்ட் சவாரிதான். பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று சுற்றிலும் ஏர்போர்ட் இருக்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் நம்ம ஊருக்கென்று ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்கள்தான் என் வண்டியில் அதிகம் ஏறுவார்கள். தொப்பூர் கணவாய் தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்: "ஏந் தம்பி, அங்க போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகுங்க?"

முன்பெல்லாம் "ஒரு நாள் ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பேன். 2023 மே மாதம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா சவாரி பேச வந்தார். வயது அறுபத்தெட்டு, முதல் விமானப் பயணம், தனியாக. மகன் இருப்பது சான் ஓசே பக்கம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். "தம்பி, எனக்குச் சுகர் இருக்குது. காலைல ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அங்க போய் இறங்குறப்ப நம்ம ஊர்ல என்ன மணின்னு தெரிஞ்சாத்தான் டாக்டர்கிட்ட கேட்டு எழுதிக்க முடியும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது என்னமோ மனதைக் குடைந்தது. அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகளின் உலக உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று ஆரம்பித்த பழக்கம். இப்போது என்னிடம் சவாரி பேசுகிற எல்லாருக்கும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அதை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த ஏர்போர்ட்டிலிருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு என்பதைச் சரியாகப் பிடியுங்கள். ஊர் பெயர் போதாது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியே சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், சான் ஓசே என்று மூன்று ஏர்போர்ட். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் இன்னும் பல. டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும்; அதைப் பாருங்கள். பெங்களூருக்கு பிஎல்ஆர், சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்எஃப்ஓ. சென்னைக்கு எம்ஏஏ, பழைய மெட்ராஸ் பெயரிலிருந்து வந்தது. நம்ம சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி.

இனி தூரம். பூக்கட்டும் நூல் இரண்டு முழமும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலை உருண்டையின் இடுப்பில், நிலநடுக்கோட்டின் மேல், ஒரு சுற்று சுற்றி அளந்து பாருங்கள். என் மகளின் உருண்டையில் 63 சென்டிமீட்டர் வந்தது. நிஜ பூமியின் இடுப்புச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். நாற்பதாயிரத்தை 63-ஆல் வகுத்தால் 635. அதாவது அந்த உருண்டையில் நூல் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 635 கிலோமீட்டர். உங்கள் உருண்டை பெரிதோ சிறிதோ, இதேபோல் ஒருமுறை அளந்து அந்த எண்ணை உருண்டையின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு நூலின் ஒரு முனையைப் பெங்களூர் புள்ளியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுங்கள். நாம் எந்தப் பக்கமாக வைத்தாலும், விறைப்பாக இழுக்க இழுக்க நூல் தானாக வழுக்கி ஓர் இடத்தில் போய் நிற்கும். அதுதான் குறுக்கு வழி. நான் பசிபிக் கடல் மேலே போகும் என்று நினைத்துத்தான் வைத்தேன். நூல் வடக்கே ஏறிவிட்டது. நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடலோரம், அலாஸ்கா என்று போய் அங்கிருந்து கீழே இறங்கிச் சான் பிரான்சிஸ்கோ வந்தது. அளந்தால் 22 சென்டிமீட்டர். 22-ஐ 635-ஆல் பெருக்க 13,970 கிலோமீட்டர்.

மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அட்லஸ்ல கோடு போட்டா கடல் வழியாத்தானே வருதுப்பா?" என்றாள். மல்கோவா மாம்பழத் தோலைச் சீவி எடுத்து மேசையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள். ஓரமெல்லாம் கிழியும், இல்லாவிட்டால் இழுபடும். தட்டை வரைபடமும் அப்படித்தான். வடக்கே போகப் போக நிலத்தை இழுத்து அகலமாகக் காட்டும். சில வரைபடங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போலச் சுமார் பதினான்கு மடங்கு பெரிது. அதனால் தூரம் அளப்பதற்குத் தட்டைப் படத்தை எடுக்காதீர்கள். உருண்டைதான் சரி.

பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நூலே வேண்டாம், கால்குலேட்டர் போதும். என் மகள் பிளஸ் ஒன் போனதும் செய்து காட்டினாள். இரண்டு ஏர்போர்ட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் சரி. பெங்களூர் ஏர்போர்ட் வடக்கே 13.2 பாகை, கிழக்கே 77.7. சான் பிரான்சிஸ்கோ வடக்கே 37.6, மேற்கே 122.4. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 200.1, அது 180-ஐத் தாண்டுவதால் 360-இலிருந்து கழித்து 159.9 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.139. அவற்றின் காஸ் மதிப்புகளையும், 159.9-இன் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்கினால் மைனஸ் 0.724. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.585. எந்தக் கோணத்தின் காஸ் அது என்று கேட்டால் கால்குலேட்டர் 125.8 பாகை என்று சொல்லும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 13,989. என் பூ நூல் இருபது கிலோமீட்டர்தான் தவறியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இந்தத் தடத்தில் 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இடைநில்லா விமானம் விட்டது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் விமானத்தை முழுக்கப் பெண்கள்தான் ஓட்டி வந்தார்கள், வட துருவத்து வழியாக. போயிங் 777-200எல்ஆர் என்ற நெடுந்தூர விமானம். பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டிகளிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். நேர் விமானங்கள் சீசனுக்கு ஒரு மாதிரி வரும் போகும், அதனால் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் இறங்கி மாறிப் போவதானால் இரண்டு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். துபாய் வழியாகப் போனால் 2,700-உம் 13,020-உம் சேர்ந்து ஏறத்தாழ 15,700 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாக 3,180-உம் 13,590-உம், மொத்தம் 16,770. சுற்றுதான், ஆனால் பெரியவர்களுக்கு நடுவில் காலை நீட்டி நடக்க ஓர் இடம் கிடைக்கிறது. கால் வீங்குகிறவர்களுக்கு நான் மாறிப் போவதைத்தான் சொல்வேன். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

அடுத்து பறக்கும் நேரம். பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலைத்துவிட்டால் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். ஏறுவதிலும் இறங்குவதிலும் வேகம் குறைவு. அதனால் நான் போடும் கணக்கு இதுதான்: நடுத்தரத் தூரமென்றால் 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டு, பத்தாயிரத்துக்கு மேல் என்றால் 900-ஆல் வகுத்து அரை மணி கூட்டு. சென்னை–சிங்கப்பூர் 2,920 கிலோமீட்டர், கணக்கில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். டிக்கெட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,990-ஐ 900-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் பதினாறு. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் என்பது வாயிற்கதவிலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம், கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பார்கள்.

கிட்டத்து ஊருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. காமலாபுரத்திலிருந்து சென்னை ஏர்போர்ட் ஆகாயத்தில் 265 கிலோமீட்டர்தான். ஏறி, நிமிர்ந்து, இறங்குவதற்கே பாதி நேரம் போய்விடும். ஏடிஆர் மாதிரி காற்றாடி விமானத்துக்கு வேகமும் 500-தான். அதனால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

காற்றை மறந்துவிடக்கூடாது. விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகமெல்லாம் அதில் சாதாரணம். கிழக்கே போகிறவரை அது முதுகில் தள்ளும், மேற்கே போகிறவரை நெஞ்சில் தள்ளும். அலாஸ்கா வழியாக அமெரிக்கா போவது கிழக்குப் பக்கம் போவதுதான். அதனால் போகும்போது பதினாறு என்றால் திரும்பி வரும்போது பதினேழரை வரை ஆகலாம். சென்னை–லண்டன் தடத்தில் இதே விஷயம் தலைகீழ். 8,230 கிலோமீட்டர், போவது மேற்கே, அதனால் போகும்போது அதிகம், வரும்போது குறைவு.

இன்னொன்று, நூல் காட்டும் வழியில் விமானம் போக முடியாத நாட்களும் உண்டு. 2022-இலிருந்து ரஷ்ய வான்வெளி பல மேற்கு நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. வழி மூடினால் சுற்றித்தான் போக வேண்டும், நமக்கு தொப்பூரில் லாரி கவிழ்ந்தால் மேச்சேரி பக்கம் சுற்றுகிற மாதிரி. எந்த நிறுவனத்து விமானம் என்பதைப் பொறுத்து ஒரே இரண்டு ஊருக்கு நடுவில் நேரம் மாறுவதற்கு இது ஒரு காரணம். அதனால் நூல் சொல்வதைக் குறைந்தபட்சத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. இரண்டையும் அப்படியே கழித்துப் பார்த்தால் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்கு அமெரிக்காவில் இறங்குகிற மாதிரி மூன்றரை மணி நேரம்தான் வரும். செவ்வாய்ப்பேட்டை அம்மா நோட்டில் அப்படித்தான் முதலில் எழுதியிருந்தார். நான் எல்லாருக்கும் சொல்வது, வீட்டுக்கு வந்து சேரும்வரை எல்லாவற்றையும் இந்திய நேரத்திலேயே எழுதுங்கள், கடைசியில் ஒருமுறை மட்டும் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

நாம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் எட்டு மணி பின்னால், கோடையில் ஏழு மணி பின்னால். அங்கே மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைப்பார்கள். ஆக நமக்கும் அவர்களுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி வித்தியாசம். மே மாதம் மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் பதினாறு மணி கழித்து இந்திய நேரம் மறுநாள் காலை 6. பன்னிரண்டரையைக் கழித்தால் அந்த ஊரில் கிளம்பிய அதே நாள் மாலை 5:30. வரும்போது நேர்மாறு: திங்கள் இரவு 9 மணிக்கு அங்கே ஏறினால் அது நமக்குச் செவ்வாய் காலை 9:30; பதினேழரை மணி பறந்து புதன் அதிகாலை 3 மணிக்குப் பெங்களூரில் இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை முழுசும் ஆகாயத்திலேயே போய்விடும். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று சின்னதாகப் போட்டிருப்பது இந்த நாள் கணக்குதான்.

நள்ளிரவு விமானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு குடும்பம், சென்னையிலிருந்து சிங்கப்பூர். "பன்னண்டாந் தேதி ராத்திரி ஒண்ணேகால் மணி பிளைட்" என்றார்கள். பன்னிரண்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ராத்திரி பத்து மணிக்குக் கவுன்ட்டரில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்கு விடிகாலையே போயிடுச்சே சார்" என்றார். பன்னிரண்டாம் தேதி 1:15 என்றால் பதினொன்றாம் தேதி ராத்திரி தூங்காமல் போக வேண்டிய விமானம். அந்தக் குடும்பத்தின் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்துப் போட்ட டிக்கெட் அது. அன்றிலிருந்து டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாமல் நான் வண்டி எடுப்பதில்லை. நள்ளிரவு 12-இலிருந்து காலை 6-க்குள் விமானம் என்றால் தாளில் "முந்தின நாள் சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதுகிறேன்.

இனி நம்ம ரோடு. சேலத்திலிருந்து தேவனஹள்ளி பக்கம் இருக்கும் பெங்களூர் ஏர்போர்ட் 235 கிலோமீட்டர் அளவுக்கு வரும். காமலாபுரத்திலிருந்து நூல் பிடித்தால் 160-தான். மேப் நாலரை மணி நேரம் என்று காட்டினாலும் நான் ஐந்தரை வைத்துக்கொள்வேன். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி நின்றால் முக்கால் மணி போச்சு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, அப்புறம் சில்க் போர்டு. காலை எட்டிலிருந்து பத்தரை, மாலை ஐந்திலிருந்து ஒன்பது அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளக்கூடாது. ஏர்போர்ட் ஊருக்கு வடக்கே, நாம் நுழைவது தெற்கே, முழு ஊரையும் கடக்க வேண்டும். சென்னை ஏர்போர்ட்டுக்கு உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஆறு மணி நேரம். கோயம்புத்தூரும் திருச்சியும் மூன்று மணிக்குள் அடக்கம். கோயம்புத்தூர் ஏர்போர்ட் அவினாசி ரோட்டிலேயே, ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பதால் எனக்கு அது பிடித்த சவாரி.

ஏற்காட்டுக்காரர்கள் இதற்கு மேல் ஒன்றரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு, மழைக்காலமென்றால் பனிமூட்டத்தில் ஊர்ந்துதான் இறங்க முடியும். தலைச்சுற்று உள்ளவர்கள் இறங்கியதும் அஸ்தம்பட்டியில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், தப்பில்லை.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்; சக்கர நாற்காலி கேட்டவர்களுக்கு நான் மூன்றரை என்று வைப்பேன். அங்கே இறங்கின பிறகு பாஸ்போர்ட் வரிசை, பெட்டி என்று இரண்டு மணி. பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடிக்க வேண்டும், அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறுவதாக இருந்தாலும்கூட.

செவ்வாய்ப்பேட்டை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தாள் இப்படி இருந்தது, எல்லாம் இந்திய நேரம்: காலை 5 வீட்டில் கிளம்புவது. 7 மணிக்குக் கிருஷ்ணகிரி தாண்டி டிபன், காலை மாத்திரை. 10:30 ஏர்போர்ட். 2 மணி விமானம். இரவு 8-க்கு விமானத்தில் சாப்பாடு, ராத்திரி மாத்திரை. மறுநாள் காலை 6 இறங்குவது. 8 வெளியே மகன். 9 மகன் வீடு, அந்த ஊரில் முந்தின நாள் இரவு 8:30. மொத்தம் இருபத்தெட்டு மணி நேரம், அதில் பறப்பது பதினாறு. அவர் அதை டாக்டரிடம் காட்டி, அங்கே போன பிறகு எந்த வேளையிலிருந்து அந்த ஊர் நேரத்துக்கு மாற வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். நீங்களும் மாத்திரை, இன்சுலின் எடுப்பவராக இருந்தால் தாளோடு டாக்டரிடம் போங்கள். வேளை மாற்றுவது அவர் சொல்ல வேண்டிய விஷயம்.

கூட்டி வரப் போகிறவர்களுக்கும் இதே தாள் உதவும். விமானம் தரையைத் தொட்ட நேரத்துக்கும் ஆள் வெளியே வருகிற நேரத்துக்கும் ஒன்றரை மணி இடைவெளி விடுங்கள். செல்போனில் விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பில் பார்த்துவிட்டு, அது நாக்பூர் பக்கம் வரும்போது நான் ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மாவைக் கூட்டி வர நான்தான் போனேன். விடிகாலை நாலரைக்குப் பெட்டி வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் தாண்டியதும் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். நாலாய் மடித்து மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். "மறுநாள் காலை 6 இறங்குவது" என்ற வரியில் மட்டும் டிக்குக்குப் பக்கத்தில், "20 நிமிசம் முன்னாடியே" என்று எழுதியிருந்தார்.